எந்தக் கண்ணுல வைப்பீங்க?

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குக் கோபம் என்பது தொழிலோடு சேர்ந்து வருகிற முதுகுவலி மாதிரி. எப்போதும் கூடவே இருக்கும், யாராவது கேட்டால் இல்லை என்போம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் எப்போது தப்புச் செய்வார் என்று நாள் முழுக்கக் காத்திருப்பவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? இருபத்து மூன்று வருடமாக இதுதான் என் பிழைப்பு. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அதில் பாதிப் பேர் என்னைத் தெருவில் கண்டால் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கொஞ்ச நாள் முன்புவரை அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் மனைவியைப் பற்றி. ஆனால் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. வரட்டும்.

அவள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். விதை விற்கிற கம்பெனிகள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பை எடுத்து அங்கே அனுப்பும். அதிலிருந்து நானூறு விதையை எண்ணி எடுத்து, நூறு நூறாக ஈரத்தாளில் வரிசையாகப் பரப்பி, தாளைச் சுருட்டி, ஈரம் காயாத அலமாரிக்குள் நிறுத்தி வைப்பாள். ஏழாம் நாள் சுருளைப் பிரித்தால் சில அழகாக முளைத்திருக்கும், சில அழுகியிருக்கும், சில முறுக்கிக்கொண்டு அரைகுறையாக நிற்கும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துப் பார்த்து, நல்லது, கோணல், செத்தது என்று பிரித்து எழுத வேண்டும். பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே மேசை, அதே இடுக்கி. அவள் எழுதிக் கொடுத்தால்தான் அந்த விதை கடைக்குப் போகும். ஒருமுறை மழைக்காக அங்கே ஒதுங்கி அவள் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

இவ்வளவு நுணுக்கமான வேலை செய்கிறவள் வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். கதவுநிலையில் வலது தோளை இடித்துக்கொள்வாள். மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொள்வாள். கார் சாவியை அவள் பக்கம் தூக்கிப் போட்டால் ஒரு தடவைகூடப் பிடித்தது கிடையாது. சாவி தரையில் விழுந்த பிறகுதான் கை வரும். தண்ணீர் ஊற்றும்போது ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் டிங் என்று முட்டவைத்துத்தான் ஊற்றுவாள். காலையில் பேப்பர் படிக்கிற நேரத்தில் அந்தச் சத்தம் நேராக என் மண்டைக்குள் போய் உட்காரும். டம்ளர் எங்கேயும் ஓடிவிடாது, முட்டாமல் ஊற்று என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அன்றைக்கு முட்டாமல் ஊற்றுவாள், பாதித் தண்ணீர் மேசைமேல் நிற்கும். அதற்கும் திட்டு விழும்.

அவளுக்கு நான் வைத்த பெயர் இடிதாங்கி. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில், "எங்க இடிதாங்கி வருது, கதவையெல்லாம் கழட்டி வைங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். எங்கள் ஒரே மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் பெண்ணுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர் சொந்தக் கேமரா ஒன்றை அங்கேயே வைத்திருந்தார். ஓய்வு பெறப்போகிற கடைசி வாரத்தில் அதை இவள் கையில் கொடுத்து, ஆசை தீர எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஒரு வாரம் எடுத்தாள். பிறகு அவர் கேமராவோடு போய்விட்டார். இவள் போனில் எடுத்துப் பார்த்தாள், எல்லாம் மங்கலாக வந்தது. ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "எனக்கு ஒரு கேமரா வேணும்ங்க. போன் இல்லை, டி.எஸ்.எல்.ஆர்." என்றாள். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. பணமும் அவளுடையதுதான், பதினைந்து வருட வேலைக்காக ஆபீஸில் கொடுத்தது பேங்கில் அப்படியே இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கேமரா வாங்கும் பொறுப்பை நானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மாணவர்களின் வருகைப் பதிவு நோட்டில் கடைசிப் பக்கங்களைக் கிழித்து, சென்சார் அளவு, மெகாபிக்சல், ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்று கட்டம் போட்டு எழுதினேன். அது வரைக்கும் என் வாழ்க்கையில் கேமராவைத் தொட்டது இரண்டு தடவை இருக்கும். மூன்றாவது வாரம் முடிகிறபோது கேமரா சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்தவன் மாதிரி சாப்பாட்டு மேசையில் வகுப்பு எடுத்தேன். அவள் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: முளைவிட்ட விதையின் வேரில் மெல்லிசாக ரோமம் மாதிரி இருக்கும், அது படத்தில் தெரிய வேண்டும். அதெல்லாம் பெரிய ஆட்கள் வேலை, நீ முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு மெகாபிக்சலுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் போனது பெரிய கடை. கண்ணாடி அலமாரிகள், உள்ளே விளக்குகள், டை கட்டின விற்பனையாளர். அவர் என்னைப் பார்த்ததும் சார் என்று ஆரம்பித்தவர் கடைசிவரை என்னிடம்தான் பேசினார். நான் எழுதிக்கொண்டு போயிருந்ததிலேயே பெரிய கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு லென்ஸ், தோள்பை, முக்காலி, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், என் கைக்குச் செய்த மாதிரி இருந்தது. கூரையில் இருந்த விளக்கை ஆறு படம் எடுத்தேன். விளக்கு விளக்காகவே விழுந்தது, எனக்கு ஒரே பெருமை.

நான் பார்க்கட்டுமா என்றாள் மனைவி. கொடுத்தேன். அவள் கை சின்னது. விரல் பட்டனுக்கு எட்டுவதற்குள் பிடி நழுவியது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், மூக்கு இடித்தது, எடுத்துவிட்டாள். கனமாக இருக்கிறதே என்றாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன் நான். சார் சொல்வதுதான் சரி மேடம் என்றார் விற்பனையாளர். நான் பணம் கட்டும் இடத்தைப் பார்த்துத் திரும்பியே விட்டேன். அப்போது அவள், இன்னொரு கடையும் பார்த்துவிடலாமே என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மகள் அதற்குள் போனை நீட்டி, பழைய கேமரா விற்கிற கடை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள் என்றாள். இரண்டு பேரும் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. மூன்று வாரம் மெனக்கெட்டவன் மூக்கை அறுத்துவிட்டார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழி முழுக்கத் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

அந்தக் கடை ஒரு நோட்டுப்புத்தகக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போகிற அறை. உள்ளே ஒரு மேசை, பச்சைத் துணி விரித்து அதன்மேல் கழற்றிப்போட்ட லென்ஸ். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் சின்னப் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். கடையும் அவருடையதுதான், பழுது பார்ப்பதும் அவர்தான். யாருக்குக் கேமரா என்று கேட்டார். மகள் அம்மாவைக் காட்டினாள். அதோடு சரி, அந்த அம்மாள் அதற்கப்புறம் என் பக்கமே திரும்பவில்லை.

எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். என் மனைவி பேச ஆரம்பித்தாள். விதை, ஈரத்தாள், ஏழாம் நாள், வேர் ரோமம், கோணலாக முளைக்கிற விதையின் கழுத்தில் விழுகிற முடிச்சு என்று பத்து நிமிடம் பேசியிருப்பாள். அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் நான் மூக்கை நுழைத்து, எத்தனை மெகாபிக்சல் இருந்தால் நல்லது என்றேன். "அது அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார் கடைக்கார அம்மாள், என் மாணவர்களிடம் நான் பேசுகிற அதே குரலில்.

மேசையில் மூன்று கேமராவை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் பட்டனைத் தேடச் சொன்னார். முதன்முதலில் வாங்குகிற கேமராவைக் கையால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கைக்கு ஒத்துவராததை வாங்கினால் அலமாரியில்தான் தூங்கும் என்றார். மூன்றாவது கேமரா இருந்ததிலேயே சின்னது, பழையது, ஓரமெல்லாம் தேய்ந்தது. என் மனைவியின் விரல் தேடாமலே பட்டனில் போய் உட்கார்ந்தது.

"எந்தக் கண்ணுல வைப்பீங்க?" என்று கேட்டார் கடைக்கார அம்மாள்.

"இடது."

"பழக்கத்துல இடதா, இல்ல வலது சரியில்லையா? தப்பா நினைக்காதீங்க, அதுக்குத் தக்க மாதிரிதான் பார்த்துக் கொடுக்கணும்."

"வலதுல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஒன்பது வயசுல இறகுப்பந்து பட்டது. நரம்பு போயிடுச்சு" என்றாள் என் மனைவி. மணி எத்தனை என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

மகள் அலமாரியில் இருந்த லென்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் புதுச் செய்தி. அவளுடைய கண்ணைப் பார்த்தேன், வலது கண்ணை. அழகான கண். இடதுக்கும் அதற்கும் துளி வித்தியாசம் கிடையாது. இருபத்தோரு வருடம் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அப்போதுதான் கடைக்கார அம்மாள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். "ஆமா, அதனாலதான் யோசிச்சு வாங்கணும்னு வந்தோம்" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். இப்போது எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

அவர் விளக்கினார். இடது கண்ணில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு மூக்கு கேமராவின் முதுகில் இருக்கிற திரையில் அழுந்தும். கட்டை விரல் கன்னத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் பார்க்கிற துளை கொஞ்சம் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிற மாதிரி வாங்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகி, அவள் கண்ணுக்கு எழுத்துத் தெளிவாகத் தெரிகிறவரை நிறுத்திக் கொடுத்தார். கேமராவின் உடம்பு புதிதாக வேண்டும் என்று செலவு செய்யாதீர்கள், லென்ஸுக்குச் செலவு செய்யுங்கள் என்று சொல்லி, நெருங்கிப் போய் எடுக்கிற லென்ஸ் ஒன்றை மாட்டினார். அந்தக் கேமரா இதுவரை பதினாலாயிரம் படம் எடுத்திருக்கிறதாம், இன்னும் பல மடங்கு எடுக்குமாம். பழைய காருக்கு ஓடின கிலோமீட்டரைப் பார்ப்பது போல இதற்கும் உண்டு என்பது மூன்று வாரம் படித்த எனக்குத் தெரியாது.

என் மனைவி கேமரா வழியாகப் பச்சைத் துணியின் நூலைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இதுல பார்க்கிறப்போ எல்லாருமே ஒரு கண்ணை மூடிக்கணும் இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் அந்த அம்மாள். அவள் சிரித்தாள். சொந்தக்காரர்கள் நடுவில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. நான் பார்த்திராத சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

அதையே வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது மகள் அம்மாவின் வலது பக்கம் போய் ஒரு படி முன்னால் இறங்கினாள். தெருவிலும் வலது பக்கம். கார் கதவைத் திறக்கும்போதும் வலது பக்கம். இவள் எப்போதுமே இப்படித்தான் நடப்பாள், நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அம்மா பெண் என்று ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். என்னோடு நடக்கும்போது மனைவி எப்போதும் என் வலது பக்கமே வருவாள், நான் அவளுக்கு இடது பக்கம் இருக்கிற மாதிரி. எத்தனை தரம் மாற்றிவிட்டாலும் சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே நிற்பாள். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்காக அப்படி வந்திருக்கிறாள்.

என்னிடம் யார் ஓட்டக் கற்க வந்தாலும் முதல் நாள் வண்டியில் ஏற்ற மாட்டேன். தெருவில் நிற்கவைத்து, எதிரே நிற்கிற வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வேன். இரண்டு கண்ணாலும் ஒரு தடவை, பிறகு உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஒரு தடவை. இதில் யாருக்கும் சலுகை கிடையாது, கண் டாக்டர் ஒருவரையே படிக்கவைத்து அனுப்பியவன் நான். இந்த ஆயிரம் பேரில் அந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியில் ஏற்றியது ஒரே ஒருவரைத்தான். சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன சோதனை என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அது. ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் மனைவிக்கு ஓட்டத் தெரியாது என்றால் ஊர் சிரிக்கும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். "என்னால முடியுமா?" என்று கேட்டாள். யாராக இருந்தாலும் முடியும், நான் இருக்கிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். மூன்றாம் நாள் பயிற்சிப் பள்ளி வாசலில் திரும்பும்போது வலது பக்கத் தூணில் வண்டியைத் தேய்த்துவிட்டாள். அங்கே இரண்டு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இறங்கி வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தியா?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் ஸ்டியரிங் பக்கம் போகவே இல்லை. அடுத்த வாரம் அதைத் தூணோடு சேர்த்து ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிட்டேன்.

மறுநாள் மகளைத் தனியாகப் பிடித்தேன். அம்மாவின் கண் விஷயம் உனக்கு எப்போது தெரியும் என்றேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியுமாம். தெருவில் போகும்போது அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொள், அந்தப் பக்கம் நீதான் எனக்குக் கண் என்று அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வருடா வருடம் டாக்டரிடம் போவதும் இவளோடுதானாம். மகள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியாமல் என்ன என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டாவது பொய்.

அந்த வாரம் முழுக்க அவளைத் திட்டவில்லை. காலையில் டிங் என்று கேட்கும். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தொட்டுத் தெரிந்துகொண்டு ஊற்றுகிறாள் என்பது இப்போது தெரியும். ஒவ்வொரு டிங்குக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மாணவன் வண்டியை நடைபாதைமேல் ஏற்றினான், அவனைக்கூடத் திட்டவில்லை. அவன் பயந்துபோய் அடுத்த நாள் வரவில்லை. அவளிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னால் ஒரு விதத்தில் அது எனக்குச் சாதகம் என்றுகூடத் தோன்றியது. தெரிந்தே கேலி செய்தவனைவிடத் தெரியாமல் கேலி செய்தவன் மேல் இல்லையா? அவமானத்திலும் கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை முடிந்து தூக்கிப்போடுகிற ஈரத்தாள் சுருள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கேமராவைச் சின்ன ஸ்டூல்மேல் புத்தகங்களை அடுக்கி நிறுத்தி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். பிறகு திரையை எனக்குக் காட்டினாள். முளையின் வேர், அதைச் சுற்றி வெள்ளையாக ரோமம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

"ஒரு வாரமா என்னைத் திட்டவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள், சிரித்துக்கொண்டே.

இவ்வளவு நாள் உன்னை அப்படிப் பேசியிருக்கிறேனே, உனக்கு என்மேல் கோபமே வரவில்லையா என்றேன்.

அவள் கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கோபம் வந்திருக்கிறது, வராமல் என்ன. தூணில் இடித்த அன்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துக்கொள்வாளாம். எனக்கு முன்னால் இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு வந்து, கண் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போயிருக்கிறார்கள். மூன்றாவதாக நாங்கள் போனபோது அவளுடைய அப்பா என்னை வாசலுக்குத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லியிருக்கிறார். திரும்பி உள்ளே வந்தவர் அழுதுகொண்டே வந்தாராம்.

"நீங்க ஒரே வார்த்தைதான் சொன்னீங்களாம். 'அதெல்லாம் ஒண்ணுமே இல்லை மாமா'ன்னு. அப்பா அதை எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் உங்களுக்குச் சரின்னேன். நீங்க கேலி பண்றப்பல்லாம், இவர் தெரிஞ்சேதானே நம்மளைக் கட்டிக்கிட்டார், இவருக்கு உரிமை இருக்குன்னு நினைச்சுப்பேன். நீங்க அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை, பெரிசு பண்ண வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நானும் பேசலை."

எனக்கு அந்த வாசல் ஞாபகம் இருக்கிறது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதிர்ச் சாரியில் ஒரு ஆள் மஞ்சள் நிறக் காரை இரண்டு வண்டிக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை முன்னும் பின்னும் போனான், ஸ்டியரிங்கைத் தப்புப் பக்கமே ஒடித்துக்கொண்டிருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. மாமா பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில், டாக்டர் என்று ஏதோ காதில் விழுந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் இப்படி எதையாவது சொல்வார்கள், நாம் மரியாதைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அப்போதும் அந்தக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லாமல் இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் நான் தெரிந்தே அவளைக் கிண்டல் செய்தவனாக இருப்பேன், ஆனால் அந்த ஒரு நல்ல வார்த்தை அவளிடம் இருக்கும். சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் அந்த வார்த்தைக்காக என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது. மாமா சொன்னது என் காதுல விழவே இல்லை. நான் வேற எதையோ பார்த்துக்கிட்டு நின்னேன். போன சனிக்கிழமை அந்தக் கடையில நீ சொல்லித்தான் தெரியும்" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இருபத்தோரு வருடத்தையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள் என்று முகத்திலிருந்து தெரிந்தது. அழுதிருந்தால், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தலையை முழுக்க என் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்குக் காதுல விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

இதையேதான் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வாரத்தில் இரண்டு பொய்யைக் கூசாமல் சொன்னவன், மூன்றாவதைச் சொல்ல என்ன கஷ்டம்? வாயைத் திறந்தேன். அந்த வாசலில் நின்ற இருபத்தாறு வயதுக்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். அழகான மனைவி, சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி, நாலு பேர் மெச்ச வேண்டும் என்று திரிந்தவன். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். திரும்பி வந்திருக்க மாட்டான்.

அவள் காத்திருந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். தாள் காய்ந்துவிடும் என்று முளைகளின்மேல் தண்ணீர் தெளித்தாள்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அவள் முன்பு போலவே பேசுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கிறாள், எடுத்ததை எனக்குக் காட்டுகிறாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் பதில் சொல்லலாம், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஆனால் நான்கு மாதம் யோசித்துவிட்டுச் சொல்கிற பதிலை அவள் நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது.